உள்ளாட்சியின் குப்பைச் சேவைக்கு எத்தனை மதிப்பெண்?

வண்டி நேரத்துக்கு வருகிறதா, தெருமுனைத் தொட்டி வழிகிறதா என்ற இரண்டை வைத்தே ஓர் உள்ளாட்சியின் குப்பைச் சேவைக்கு மதிப்பெண் போட்டுவிடுகிறோம். இரண்டும் கண்ணுக்குத் தெரிபவை, அதனால்தான். ஆனால் தெரு துடைத்து வைத்தாற்போல் இருந்தும் சேவை படுமோசமாக இருக்கலாம். வீட்டில் பிரித்துக் கொடுத்ததை எல்லாம் ஒரே லாரியில் அழுத்தி ஏற்றி, ஊருக்கு வெளியே குவித்துவிட்டு வரும் உள்ளாட்சியின் தெருக்களும் சுத்தமாகத்தான் இருக்கும். எனவே இந்த மதிப்பாய்வுக்கு வேறோர் அளவுகோல்: ஈரக் குப்பை தனியாகவும் சீக்கிரமாகவும் வீட்டை விட்டுப் போகிறதா? இந்த ஒன்று சரியாக நடந்தால் மற்ற பலவும் தானாகவே சரியாகும். இது தவறினால், எத்தனை கோடிக்கு இயந்திரம் வாங்கினாலும் உலர்ந்த குப்பையின் தரம் தேறாது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உலக வங்கி 2018-இல் வெளியிட்ட கணக்குப்படி, உலக சராசரியாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு 0.74 கிலோ குப்பை சேர்கிறது. அதில் உணவுக் கழிவும் செடிகொடிக் கழிவும் 44 சதவீதம். காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் நான்கும் சேர்ந்து 38 சதவீதம். நான்கு பேர் உள்ள வீட்டில் வாரத்துக்குச் சுமார் 21 கிலோ சேரும். அதில் ஈரக் குப்பை 9 கிலோ. ஈரக் குப்பை கனமானது. லிட்டருக்கு அரைக் கிலோ என்று வைத்தால் 18 லிட்டர் இடம் போதும். மறுசுழற்சிக்குரிய உலர்ந்த பொருள் 8 கிலோதான், ஆனால் காலி பாட்டிலும் அட்டைப்பெட்டியும் காற்றை அடைத்துக்கொண்டு நிற்பவை. 100 லிட்டரையும் தாண்டும். இரண்டிலும் சேராத மிச்சம் 4 கிலோவுக்குள். வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் இந்த எண்கள் மாறும். ஆனால் அடிப்படை மாறாது: ஈரம் கனமானது, இடம் சிறியது, உலர்ந்தது லேசானது, இடம் பெரியது.

உள்ளாட்சி கொடுக்கும் தொட்டிகள் இந்தக் கணக்கோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொதுக் குப்பைக்கு 240 லிட்டர் சக்கரத் தொட்டி, மறுசுழற்சிக்கு ஒரு சின்னப் பெட்டி, ஈரக் குப்பைக்கு ஒன்றுமில்லை என்றால் அந்தத் திட்டம் தலைகீழாகப் போடப்பட்டது. பெரிய பொதுத் தொட்டி இருக்கும்போது பிரிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்காது. பொதுத் தொட்டியைச் சிறிதாக்கி, மறுசுழற்சித் தொட்டியைப் பெரிதாக்கி, ஈரத்துக்குத் தனித் தொட்டி கொடுத்தாலே வீடுகள் பாதி வழிக்கு வந்துவிடும். பிரசுரம் அச்சடித்து வீடு வீடாகக் கொடுப்பதைவிட இது நன்றாகவே பலன் தரும்.

ஈரக் குப்பைக்கு நன்றாக வேலை செய்யும் ஏற்பாடு இரண்டு தொட்டிகள் கொண்டது. சமையலறை மேடையில் வைக்க 5 முதல் 7 லிட்டர் வாளி ஒன்று. வாசலில் வைக்கப் பூட்டு வளையம் உள்ள மூடியோடு 23 லிட்டர் வாளி ஒன்று. பூட்டு வளையம் அலங்காரத்துக்கு இல்லை. நாய், பூனை, காகம், எலி எல்லாவற்றுக்கும் அதுதான் தடை. சமையலறை வாளியில் காற்றுத் துளைகள் இருந்தால் ஈரம் ஆவியாகி நாற்றம் குறையும். துளை இல்லாத வாளியாக இருந்தால் அடியில் பழைய செய்தித்தாள் இரண்டு மடிப்புப் போட்டாலே போதும். உள்ளாட்சி உறை கொடுத்தால் இன்னும் நல்லது, ஆனால் எந்த உறை என்பது முக்கியம். 'மக்கக்கூடியது' என்று பொத்தாம்பொதுவாக அச்சிட்ட பைகள் பல துண்டுதுண்டாகச் சிதறுமே தவிர மக்குவதில்லை. 'ஈ.என். 13432' என்ற ஐரோப்பியத் தரக்குறி உள்ளதா என்று பார்க்க வேண்டும். அந்தக் குறி இருந்தாலும் அது சூடு ஏறும் பெரிய உர ஆலையில் மக்கும் என்பதற்கான உறுதி மட்டுமே. வீட்டுத் தோட்டத்து உரக்குழியில் மக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்பதை ஈதான் தீர்மானிக்கிறது. வெப்பமான பருவத்தில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர 7 முதல் 10 நாள் ஆகும். அதற்குள் குப்பை வீட்டைவிட்டுப் போய்விட்டால் சுழற்சி அறுந்துவிடும். புழுப் பருவம் இன்னும் சீக்கிரம் வந்துவிடும் என்பதால், குளிர் நாடுகளில் வாரம் ஒருமுறை போதும், வெப்ப நாடுகளில் தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தாக வேண்டும். உலர்ந்த குப்பைக்கு இந்த அவசரம் எதுவும் இல்லை. வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ எடுத்தாலும் அது கெடாது. ஈரத்தைத் தனியே எடுத்துவிட்ட பிறகு, மிச்சமுள்ள பொதுக் குப்பையும் நாறாது; அதன் முறையையும் குறைக்கலாம். அப்படி மிச்சமாகும் டிரிப்புகளின் டீசலும் ஆள்பலமும் ஈரக் குப்பை வண்டிக்குப் போகும். செலவு கூடாமல் சேவையை மேம்படுத்தும் வழி இதுதான். இதைத் திருப்பிச் செய்யும் உள்ளாட்சிகள் உண்டு: ஈரத்துக்குத் தனி வண்டி விடாமலேயே பொதுக் குப்பை எடுப்பதைக் குறைத்துவிடுவார்கள். மக்கள் கோபப்படுவது நியாயம்தான்.

அடுத்தது வண்டி. இதில் மூன்று வகை.

எல்லா உலர்ந்த பொருளையும் ஒரே தொட்டியில் வாங்கி, கம்பாக்டர் லாரியில் அழுத்திக் கொண்டுபோவது ஒரு வகை. வீட்டுக்காரருக்கு வசதி, லாரிக்கும் வேகம். ஆனால் அழுத்தும்போது கண்ணாடி உடைகிறது, தூள் காகிதத்துக்குள் புகுந்துவிடுகிறது. பாட்டில் அடியில் மிஞ்சிய திரவம் அட்டையில் ஊறுகிறது. காகித ஆலைக்குக் கண்ணாடித் தூள் பெரிய பகை. குழாயையும் பம்பையும் அரித்துத் தின்றுவிடும். இரண்டாவது வகை, காகிதமும் அட்டையும் ஒரு தொட்டி, கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் மூன்றும் ஒரு தொட்டி, நடுவில் தடுப்பு வைத்த இரட்டை அறை லாரி. தரம் நன்றாக உயரும். இதன் தொல்லை, ஓர் அறை நிரம்பினால் மற்றது பாதி காலியாக இருந்தாலும் வண்டி திரும்பியாக வேண்டும். தடுப்பை நகர்த்தக்கூடிய லாரி வாங்கினார்களா என்பதில் அந்த ஊர் பொறியாளரின் அனுபவம் தெரிந்துவிடும். மூன்றாவது, தூய்மைப் பணியாளரே வாசலில் நின்று வண்டியின் பல அறைகளில் பிரித்துப் போடுவது. சுற்று மெதுவாகப் போகும், ஆள் கூடுதலாக வேண்டும். ஆனால் தவறான பொருளை அங்கேயே தொட்டியில் விட்டுவிட்டு, ஏன் எடுக்கவில்லை என்று ஒரு சீட்டும் ஒட்டிவிட்டுப் போக முடிவது இந்த வகையில்தான். வீடுகளுக்குப் பாடம் அந்தச் சீட்டில்தான் நடக்கிறது.

தரம் என்று பார்த்தால் மூன்றாவதே முதலிடம். நெருக்கமான பெரிய ஊருக்கு இரண்டாவது போதும். முதலாவதை ஏற்றுக்கொள்ள முடிவது, கண்ணாடியை மட்டுமாவது தனியே வாங்கினால்தான்.

உலர்ந்த குப்பை போய்ச் சேரும் பிரிப்பு நிலையத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், உள்ளாட்சி கொடுக்கும் 'போடலாம், போடக்கூடாது' பட்டியலின் காரணங்கள் விளங்கும். பொருள் கன்வேயரில் ஏறியதும் முதலில் கையால் பெரிய தவறுகளை எடுப்பார்கள். பிறகு சுழலும் சல்லடை உருளையும் தட்டு உருளைகளும் தட்டையானதை ஒரு பக்கமும் உருண்டதை ஒரு பக்கமுமாகப் பிரிக்கும். தட்டையானது காகிதம், உருண்டது பாட்டிலும் டப்பாவும் என்பதே அந்த இயந்திரத்தின் மொத்த அறிவு. மேலே தொங்கும் காந்தம் இரும்பு டப்பாவை இழுக்கும். சுழல் மின்னோட்டப் பிரிப்பான் அலுமினியத்தைத் தள்ளிவிடும். அகச்சிவப்புக் கதிர்க் கருவி பிளாஸ்டிக்கின் வகையை அடையாளம் கண்டு காற்றுப் பீச்சியால் தனித்தனியே ஊதித் தள்ளும். கடைசியில் வகைவாரியாக அழுத்திக் கட்டு போடுவார்கள்.

பிழைகள் எங்கே வருகின்றன என்று இப்போது பார்க்கலாம். பிளாஸ்டிக் கேரி பை தட்டு உருளைகளில் சுற்றிக்கொள்ளும். நிலையத்தை நிறுத்தி, ஆள் உள்ளே இறங்கிக் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும். மறுசுழற்சிப் பொருளைப் பையில் கட்டிப் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். கருப்பு பிளாஸ்டிக் தட்டில் உள்ள கரிநிறமி அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடுவதால் கருவிக்கு அது தெரிவதே இல்லை. நேராகக் கழிவுக்குப் போகும். டப்பாவுக்குள் டப்பாவைச் செருகிப் போட்டால், வெளியே உள்ளதை மட்டுமே கருவி பார்க்கும். பாட்டில் மூடி, மாத்திரை அட்டை போன்ற சின்னப் பொருள்கள் சல்லடை ஓட்டை வழியே கண்ணாடித் தூளோடு விழுந்துவிடும். மூடியைக் கழற்றாமல் பாட்டிலில் திருகியே போடுங்கள். மூடியின் பிளாஸ்டிக் நீரில் மிதக்கும், பாட்டிலின் 'பெட்' பிளாஸ்டிக் மூழ்கும். ஆலையில் எளிதாகப் பிரிந்துவிடும். ஆனால் குழாய்க்குப் பயன்படும் பி.வி.சி. பிளாஸ்டிக் கலந்தால் கதையே வேறு. அதன் அடர்த்தியும் பெட்டின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்று என்பதால் தண்ணீரில் பிரியாது. பெட்டை உருக்கும் சூட்டில் பி.வி.சி. சிதைந்து அமில வாயுவை விட்டு மொத்த உருக்கையும் பழுப்பாக்கிவிடும்.

பாட்டிலை நசுக்கிப் போடலாமா என்று பலரும் கேட்பார்கள். உள்ளாட்சி எந்த முறையில் எடுக்கிறது என்பதைப் பொறுத்தது பதில். எல்லாம் ஒரே தொட்டி என்றால் நசுக்காதீர்கள். தட்டையான பாட்டிலும் டப்பாவும் காகிதப் பக்கம் போய்விடும். வாசலிலேயே பிரித்து எடுக்கும் முறை என்றால் தாராளமாக நசுக்கலாம், வண்டியில் இடம் மிச்சம். உள்ளாட்சியின் வழிகாட்டுத் தாளில் இந்த ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதை எழுதியவர் பிரிப்பு நிலையத்தை நேரில் பார்த்தவர் என்று நம்பலாம்.

கழுவுவது பற்றியும் தேவையற்ற பயம் இருக்கிறது. டப்பா பளபளக்க வேண்டியதில்லை. பாத்திரம் கழுவி மிஞ்சிய தண்ணீரில் ஒரு முறை அலசி, கவிழ்த்து வடியவிட்டால் போதும். எண்ணெய் ஊறிய அட்டை மட்டும் காகிதத்தோடு சேரக்கூடாது. உர ஆலை ஏற்றுக்கொண்டால் அதைக் கிழித்து ஈரக் குப்பையில் போடலாம். சூடு தாங்கும் கண்ணாடிப் பாத்திரத்தைப் பாட்டில் கண்ணாடியோடு போடக்கூடாது. அதன் உருகுநிலை வேறு. உருகாத துண்டுகள் புதுப் பாட்டிலில் கட்டியாக நின்று விரிசல் விடும்.

லித்தியம் பேட்டரிதான் இப்போது எல்லோரையும் அச்சுறுத்துகிறது. பழைய போன், பொம்மை, மின் சிகரெட் ஆகியவற்றுக்குள் இருக்கும் பேட்டரி, கம்பாக்டர் அழுத்தத்தில் நசுங்கி, உள்ளிருக்கும் இரு மின்முனைகளும் ஒன்றோடொன்று தொட்டுத் தீப்பிடிக்கிறது. பக்கத்தில் காய்ந்த காகிதம். லாரி எரியும், சில சமயம் நிலையமே எரியும். பேட்டரியை எங்கே கொடுப்பது என்று வழிகாட்டுத் தாளின் முதல் பக்கத்திலேயே உள்ளாட்சி சொல்ல வேண்டும். கொடுக்கும் முன் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டிவிடுவது நல்ல பழக்கம். மருந்து, பெயின்ட், குழல்விளக்கு, பூச்சிக்கொல்லி ஆகியவற்றுக்கும் மாதம் ஒரு நாளாவது தனி வண்டியோ சேர்ப்பிடமோ இல்லாத சேவைக்கு நல்ல மதிப்பெண் தர முடியாது.

தரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2018-இல் உலகமே ஒரு பாடம் படித்தது. சீனா வெளிநாட்டு வீட்டுப் பிளாஸ்டிக் கழிவையும் தரம் பிரிக்காத காகிதத்தையும் வாங்க மறுத்தது. அனுமதித்த மற்ற வகைகளிலும் கலப்படம் 0.5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது. அதுவரை எல்லாவற்றையும் கலந்து கப்பலேற்றி, அதை மறுசுழற்சி என்று கணக்கெழுதிய ஊர்களில் கட்டுகள் மலைபோல் தேங்கின. 2021 முதல், நாடுகளுக்கிடையே ஆபத்தான கழிவு போவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையின் திருத்தமும் கலப்படப் பிளாஸ்டிக்கை ஏற்றுமதி செய்வதைக் கடினமாக்கிவிட்டது. சுத்தமாகப் பிரித்த ஊர்களின் பொருளுக்கு அப்போதும் ஆள் இருந்தது.

ஆகவே 'நாங்கள் இத்தனை சதவீதம் மறுசுழற்சி செய்கிறோம்' என்று உள்ளாட்சி சொன்னால், எந்த இடத்தில் எடைபோட்ட எண் என்று கேளுங்கள். வாசலில் வாங்கிய எடையா, பிரிப்பு நிலையத்துக்குள் போன எடையா, ஆலையில் உருக்கவோ கூழாக்கவோ சென்ற எடையா? மூன்றும் ஒன்றல்ல, ஒவ்வொரு படியிலும் கழிவு உதிரும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் விதியை மாற்றி, மறுசுழற்சிச் செயல்முறைக்குள் நுழையும் எடையையே கணக்கில் எடுக்கச் சொன்னது. நேர்மையான அளவு அதுதான்.

ஈரக் குப்பை போய்ச் சேரும் இடத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். உர நிலையம் நாறுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றே: ஈரம் அதிகம், காற்று குறைவு. காய்கறித் தோலும் மீந்த உணவும் நைட்ரஜன் மிகுந்தவை. அவற்றோடு காய்ந்த இலை, மரத்தூள், நறுக்கிய கிளை போன்ற கரிமம் (கார்பன்) மிகுந்த பொருளைக் கலந்தால்தான் கரிமமும் நைட்ரஜனும் 25 அல்லது 30-க்கு 1 என்ற விகிதத்துக்கு வரும். ஈரம் 50 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி கசிய வேண்டும், ஒழுகக்கூடாது. குவியலின் உள்ளே சூடு 55 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் நோய்க்கிருமியும் களை விதையும் சாகும். திறந்தவெளிக் குவியலில் அந்தச் சூடு 15 நாள் நிலைக்க வேண்டும், இடையில் ஐந்து முறையாவது கிளற வேண்டும். நிலையத்தில் நீண்ட முனை கொண்ட வெப்பமானியும் அன்றன்றைய சூட்டைக் குறித்த பதிவேடும் இல்லை என்றால் அங்கே உரம் தயாராகவில்லை, குப்பை வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. ஈரக் குப்பையை அழுகவைத்து எரிவாயு எடுக்கும் ஆலை என்றால் காய்ந்த இலை தேவையில்லை, ஆனால் பிளாஸ்டிக்கும் மணலும் தொட்டியின் அடியில் படிந்து கொள்ளளவைத் தின்றுவிடும். இரண்டும் இல்லாமல் கிடங்கில் புதைத்தால், காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தாலும் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றக்கூடியது.

தென்கொரியா 2005-இல் உணவுக் கழிவைக் கிடங்கில் புதைக்கத் தடை விதித்தது. 2013 முதல் வீடு எவ்வளவு உணவுக் கழிவு போடுகிறதோ அந்த அளவுக்குக் கட்டணம். பல அடுக்குமாடிகளில் அட்டையைக் காட்டினால் மூடி திறந்து, போட்டதை எடைபோட்டுக் கணக்கில் ஏற்றும் தொட்டிகள் இருக்கின்றன. தைவானின் தைபே நகரில் குப்பை தரையைத் தொடக்கூடாது என்பது விதி. பாட்டு ஒலித்தபடி வரும் வண்டியிடம் மக்களே கொண்டுவந்து கொடுக்க வேண்டும்; பொதுக் குப்பைக்கு 2000 முதல் உள்ளாட்சியின் கட்டணப் பையை மட்டுமே பயன்படுத்த முடியும், மறுசுழற்சிப் பொருளுக்குக் கட்டணம் இல்லை. ஜப்பானின் கமிகாட்சு என்ற சிற்றூர் நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறது. மக்களே நிலையத்துக்குக் கொண்டுவந்து போடுகிறார்கள். ஆயிரத்து ஐந்நூறு பேருக்கும் குறைவாக உள்ள ஊரில் அது முடியும், லட்சக்கணக்கில் மக்கள் வாழும் நகரத்தில் அத்தனை வகை கேட்பது நடவாது. எடைக்கேற்ற கட்டணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காணிப்பும் வாங்கும் வசதியும் முதலில் வர வேண்டும். இல்லையென்றால் இரவோடு இரவாகக் காலி மனையில் குப்பை விழும்.

அடுக்குமாடி வீடுகளில்தான் பெரும்பாலான சேவைகள் தோற்கின்றன. பொதுத் தொட்டியில் யார் போட்டது என்று தெரியாது, அதனால் பொறுப்பும் இல்லை. மறுசுழற்சித் தொட்டி தூரமாகவும் பொதுத் தொட்டி பக்கத்திலும் இருந்தால் எல்லாம் பொதுத் தொட்டிக்கே போகும். எல்லாத் தொட்டிகளையும் ஒரே இடத்தில் அருகருகே வைத்து, மறுசுழற்சித் தொட்டியின் மூடியில் பாட்டில் மட்டும் நுழையும் வட்ட ஓட்டையோ அட்டை மட்டும் நுழையும் நீள வெட்டோ போட்டால் கலப்படம் கண்ணெதிரே குறையும். பை நுழையாது என்பதே அதன் பலம்.

தொட்டியைத் தூக்குகிறவரை மறந்த சேவைக்கு முழு மதிப்பெண் கிடையாது. 240 லிட்டர் தொட்டியில் ஏற்றக்கூடிய அதிகபட்ச எடை ஏறத்தாழ 96 கிலோ. அதைக் கையால் தூக்கவே கூடாது, லாரியில் தூக்கும் கருவி வேண்டும். உடைந்த கண்ணாடியைத் தடித்த அட்டையில் சுற்றி, ஊசியைக் குத்தித் துளைக்காத டப்பாவில் போட்டு, எழுதி வைக்க வேண்டும், நாப்கினையும் டயப்பரையும் காகிதத்தில் சுற்றி அடையாளமிட்டுத் தனியே கொடுக்க வேண்டும். ஊரில் ஏற்கெனவே பழைய பொருள் பொறுக்கி வாழ்பவர்கள் இருந்தால், அவர்களைத் துரத்திவிட்டு ஒப்பந்த நிறுவனத்தைக் கொண்டுவருவது அநியாயம், வீண் செலவும்கூட. எந்தப் பிளாஸ்டிக் விற்கும், எது விற்காது என்பது அவர்களுக்குக் கையால் தொட்டாலே தெரியும். புனேயில் 2008 முதல் அவர்களது 'ஸ்வச்' கூட்டுறவு மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை எடுக்கிறது.

கடைசியாகத் தவறிய வீடுகள். எந்தச் சேவையிலும் சில வீடுகள் விட்டுப்போகும். நல்ல சேவையில், எடுக்க வேண்டிய நாள் முடிவதற்குள் வீட்டுக்காரர் புகார் சொன்னால் இரண்டு வேலை நாளுக்குள் வண்டி திரும்பி வரும். வேண்டுமென்றே எடுக்காமல் விட்டிருந்தால் காரணம் சீட்டில் இருக்கும், ஓட்டுநரின் கருவியிலும் அந்த வீட்டு எண்ணோடு பதிவாகியிருக்கும். தொலைபேசியில் பேசுபவர் அதைப் பார்த்துச் சொல்ல முடியும். 'ஈரக் குப்பைத் தொட்டியில் பிளாஸ்டிக் பை இருந்தது, அதை எடுத்துவிட்டு நாளைக்கு வெளியே வையுங்கள், வண்டி வரும்' என்று பதில் வந்தால் அந்தச் சேவையை நம்பலாம். 'மேலிடத்தில் சொல்கிறோம்' என்று மட்டும் வந்தால், அங்கே வழித்தடப் பதிவே இல்லை என்று பொருள். முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்தப் பதிவைத்தான்.